ஏஜென்ட் வழியாகக் கப்பல் டிக்கெட் எடுத்தவர்கள் கம்பெனியிடம் பேசுவது எப்படி

தமிழ்நாட்டு எல்லையோரம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் பொள்ளாச்சியிலோ கோவையிலோ பாலக்காட்டிலோ இருக்கும் ஒரு டிராவல்ஸ் கடையில்தான். சிங்கப்பூரிலிருந்து மூன்று நாலு இரவு, கொச்சியிலிருந்து லட்சத்தீவு, குளிர்காலத்தில் துபாய் என்று போகிறார்கள். பணம் கட்டிய பிறகு ஏதாவது ஒன்று கிளம்பும். பெயரில் எழுத்து தப்பியிருக்கும், அம்மாவுக்கு வீல்சேர் சொல்ல வேண்டியிருக்கும், அறையை மாற்ற வேண்டியிருக்கும். கப்பல் கம்பெனிக்கு போன் போட்டால் "உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்" என்பார்கள். ஏஜென்டைக் கேட்டால் "கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரலைங்க" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

ஏஜென்ட் டிக்கெட் போட்டதும் அந்த புக்கிங் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏஜென்சியின் எண்ணுக்குக் கீழே பதிவாகிறது. பயணி நீங்கள்தான், ஆனால் புக்கிங்கைத் திறக்கும் சாவி ஏஜென்சியிடம் இருக்கிறது. அதனால் கட்டணம், அறை மாற்றம், ரத்து, பெயர் திருத்தம் ஆகிய நான்கையும் கம்பெனி ஏஜென்டிடம் மட்டும்தான் பேசும். நம் ஊர் ஏஜென்டுக்குக் கம்பெனியோடு நேரடித் தொடர்பு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அவர் சென்னையிலோ மும்பையிலோ உள்ள ஒரு மொத்த ஏஜென்டிடம் எடுத்திருப்பார், அந்த மொத்த ஏஜென்ட் கம்பெனியின் இந்தியப் பிரதிநிதியிடம் எடுத்திருப்பார். கேள்வி மூன்று கை மாறிப் போய், பதிலும் மூன்று கை மாறித்தான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்ட கேள்விக்குச் செவ்வாய்க்கிழமை பதில் வந்தால் அது சோம்பேறித்தனம் ஆகாது. டெபாசிட் கட்டும் முன்பே ஏஜென்டிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: "ஏனுங்கண்ணா, இதை நீங்க நேரா கம்பெனி சிஸ்டத்துல போடறீங்களா, வேற ஆள் மூலமா போடறீங்களா?" வேறு ஆள் என்றால் அந்த நிறுவனத்தின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்று வந்தால் அந்தப் பெயர் வேண்டியிருக்கும்.

கம்பெனியிடம் நேரடியாகவே முடித்துக்கொள்ளக்கூடிய வேலைகளும் உண்டு. வெப் செக்-இன், போர்டிங் பாஸ், துறைமுகச் சுற்றுலா, வைஃபை, குளிர்பானப் பேக்கேஜ், லாயல்டி எண் சேர்ப்பது, கப்பலுக்குள் வரும் பில் ஆகியவற்றுக்கு ஏஜென்ட் தேவையில்லை. கம்பெனியின் ஆப்பில் ரிசர்வேஷன் எண், சர்நேம், கப்பல், புறப்படும் தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் புக்கிங் திறந்துவிடும்.

கம்பெனி காகிதத்தை முதலில் வாங்குங்கள்

டிராவல்ஸ்காரரின் லெட்டர்பேடில் அடித்துத் தரும் ரசீது அவருக்குப் பணம் கொடுத்ததற்குத்தான் சாட்சி. கப்பலில் உங்களுக்கு அறை இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது. கம்பெனி அனுப்பும் கன்ஃபர்மேஷன் இன்வாய்ஸைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பல கம்பெனிகளில் அது இரண்டு பிரதியாக வரும். ஏஜென்சி காப்பியில் அவருடைய கமிஷன் தெரியும் என்பதால் அதைத் தரத் தயங்குவார். கெஸ்ட் காப்பியில் கமிஷன் இருக்காது, அதைத் தருவதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. "கெஸ்ட் காப்பி அனுப்புங்கண்ணா" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அந்த வார்த்தையைச் சொன்னாலே விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்துகொள்வார்.

காப்பி வந்ததும் ஸ்டேட்டஸ் என்ற வரியைப் பாருங்கள். புக்ட் என்றோ கன்ஃபர்ம்டு என்றோ இருந்தால் சரி. ஆப்ஷன் என்றோ ஆஃபர் என்றோ இருந்தால் ஏஜென்ட் அறையைச் சில நாளுக்குப் பிடித்து வைத்திருக்கிறார், கம்பெனிக்கு இன்னும் பணம் போகவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு தேதி இருக்கும், அன்றைக்குள் டெபாசிட் போகாவிட்டால் அறை தானாகவே விடுபட்டுவிடும். நீங்கள் பணம் கட்டி ஒரு வாரம் கழிந்தும் ஆப்ஷன் என்றே இருந்தால் அன்றே கடைக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அடுத்தது அறை எண். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஜிடிஒய் என்று இருந்தால் அது கேரண்டி வகை. விலை குறைவு, ஆனால் எந்தத் தளம், எந்த மூலை என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும். கடைசி வாரத்தில்கூட எண் வரலாம். இரண்டு அறை எடுக்கும் குடும்பம் பக்கத்துப் பக்கத்து அறையை எதிர்பார்த்து ஜிடிஒய் எடுத்தால் ஒன்று முன்பக்கம், மற்றது பின்பக்கம் என்று விழும். அதற்குப் பிறகு கம்பெனியிடம் கெஞ்சிப் பயனில்லை. வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எண் போட்ட அறையையே எடுங்கள்.

பேலன்ஸ் கட்ட வேண்டிய கடைசித் தேதியும் அதில் இருக்கும். பொதுவாகப் புறப்படுவதற்கு 75 முதல் 120 நாளுக்கு முன்னால் விழும். ஏஜென்ட் சொல்லும் தேதி இதைவிட ஒரு வாரம் முந்தியிருப்பது சகஜம், பணம் கை மாறிப் போக அவருக்கு நாள் வேண்டும். ஒரு மாதம் முந்தியிருந்தால் காரணம் கேளுங்கள்.

பெயர்

கம்பெனியோடு வரும் தகராறுகளில் நம் ஆட்களுக்கு அதிகம் தலைவலி தருவது இதுதான், வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் முருகேசன், சர்நேம் பழனிசாமி என்று இருக்கும். ஆதாரில் முருகேசன் பி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதாரைப் பார்த்து ஏஜென்ட் அடித்தால் முதல் பெயர் முருகேசன், கடைசிப் பெயர் பி என்று ஏறிவிடும். ஆப்பில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும்போது பெயர் ஒத்துப்போகாமல் செக்-இன் அப்படியே நின்றுவிடும். சிலருக்குச் சர்நேம் கட்டமே காலி, கம்பெனியின் கம்ப்யூட்டரோ சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அந்த நேரத்தில் ஏஜென்ட் மனம்போல் எதையாவது போட்டுவிட்டால், விமான டிக்கெட்டில் ஒன்று, விசாவில் ஒன்று, கப்பலில் ஒன்று என மூன்று பேர் ஆகிவிடுவீர்கள்.

இதைத் தவிர்க்க ஆதாரை அனுப்பவே அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் அனுப்பி, கீழே கிவன் நேம், சர்நேம், பிறந்த தேதி மூன்றையும் ஆங்கிலத்தில் நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் படிவத்தில் மாதம்தான் முதலில் வரும். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அவர்களுக்கு மே 6. சர்நேம் காலியாக இருந்தால், அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று ஏஜென்ட் மூலம் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதையே மற்ற டிக்கெட்டுகளிலும் ஒத்துப்போகச் செய்யுங்கள். துபாய்க் கப்பல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. உங்கள் பாஸ்போர்ட் அந்த வகையா என்பதை டெபாசிட்டுக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, ஆளை மாற்றுவது வேறு. ஓர் எழுத்து விட்டுப்போனதை ஏஜென்ட் பாஸ்போர்ட் நகலோடு கேட்டால் பெரும்பாலும் காசில்லாமல் திருத்திக் கொடுப்பார்கள். மாமா வரவில்லை, அவருக்குப் பதில் மச்சான் வருகிறார் என்றால் அது ஆள் மாற்றம். பேலன்ஸ் தேதிக்குப் பிறகு அதை ரத்து செய்து புதிதாக எடுத்ததாகவே கணக்கிடும் கம்பெனிகள் உண்டு. ஆகவே எழுத்துப் பிழை மட்டும்தான் என்றால் கடிதத்தில் பெயர் மாற்றம் என்று எழுதாதீர்கள், பாஸ்போர்ட்டின்படி எழுத்துப் பிழைத் திருத்தம் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஏஜென்டுகள் கேட்க மறக்கும் மூன்று விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் பயணத்தின் எந்த நாளிலும் 24 வாரத்தை எட்டக்கூடாது என்பது பெரும்பாலான கம்பெனிகளின் விதி. கைக்குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும், நீண்ட கடல் பயணம் என்றால் 12 மாதம். பாஸ்போர்ட் பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இதில் எது தப்பினாலும் துறைமுகத்தில் திருப்பி அனுப்புவார்கள், பணமும் வராது.

பணமும் நாள் கணக்கும்

கட்டணம் பெரும்பாலும் டாலரில் இருக்கும், நீங்கள் ரூபாயில் கட்டுவீர்கள். எந்த நாள் ரேட், ஒரு டாலருக்கு எவ்வளவு என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். டிராவல்ஸ் பாஷையில் அதற்கு ஆர்ஓஇ என்று பெயர். டெபாசிட்டுக்கு ஒரு ரேட், பேலன்ஸுக்கு இன்னொரு ரேட் என்பது இயல்பு, ஆனால் இரண்டும் காகிதத்தில் இருக்க வேண்டும். போர்ட் டாக்ஸ் எனும் துறைமுக வரி சேர்ந்ததா, கிராஜுட்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். கிராஜுட்டி என்பது பணியாளர்களுக்கான டிப்ஸ். பெரிய கம்பெனிகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை, குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர், நான்கு இரவு என்றால் 250 டாலருக்கு மேல். இது விலையில் இல்லை என்று கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிய வரும்.

வெளிநாட்டுப் பயணமாக விற்றால் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வருமான வரிக் கணக்கில் வந்து சேரும், வருமான வரி தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். வந்து சேரவில்லை என்றால் ஏஜென்ட் அரசுக்குக் கட்டாமலோ உங்கள் பான் எண்ணில் கணக்குக் காட்டாமலோ இருக்கலாம். அதைக் கப்பல் கம்பெனியிடம் கேட்டுப் பயனில்லை.

ரத்து செய்யும்போது நாள் கணக்குத்தான் எல்லாமே. பேலன்ஸ் தேதி தாண்டியதும் 25, 50, 75, 100 சதவீதம் என்று படி ஏறிக்கொண்டே போகும் பிடித்தம். நீங்கள் ஏஜென்டிடம் சொன்ன நாளைக் கம்பெனி கணக்கில் எடுக்காது, ஏஜென்ட் சிஸ்டத்தில் ரத்து செய்த நாளைத்தான் எடுக்கும். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி, அவர் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தால், அந்த இடைவெளியில் ஒரு படி ஏறியிருக்கலாம். எல்லையோரத்தில் இருப்பவர்கள் இரண்டு மாநிலத்தின் லீவு நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கல் நாட்களில் பொள்ளாச்சிக் கடை திறக்காது, ஓணத்துக்குப் பாலக்காட்டுக் கடை திறக்காது. படி மாறும் தேதிகளைக் காலண்டரில் குறித்து, மூன்று வேலை நாள் முன்னதாகவே முடிவெடுங்கள்.

ரத்தான பிறகு கம்பெனியின் கேன்சலேஷன் இன்வாய்ஸை வாங்குங்கள். அதில் கம்பெனி எவ்வளவு பிடித்தது என்று இருக்கும். ஏஜென்ட் பிடித்தது அதைவிட அதிகமென்றால் மிச்சம் அவருடைய சொந்தச் சார்ஜ். அது முன்பே எழுத்தில் சொல்லப்பட்டிருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் கேள்வி கேளுங்கள். நூறு சதவீதப் பிடித்தத்திலும் போர்ட் டாக்ஸ் பொதுவாகத் திரும்ப வரும், ஏறாத பயணிக்குத் துறைமுகம் வரி வாங்காது. இதைப் பலர் கேட்பதே இல்லை.

விலை குறைந்தால்? பேலன்ஸ் தேதிக்கு முன்னால் என்றால் புது விலைக்கு மாற்றித் தரச் சொல்லி ஏஜென்டிடம் கேட்கலாம், ஆனால் பழைய சலுகைகள் போய்விடுமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். தேதிக்குப் பிறகு பணம் வராது. அறை அப்கிரேடோ கப்பலில் செலவழிக்கும் கிரெடிட்டோ கொடுத்தால் அது அவர்கள் மனசு.

போனில் பேசுவது

அமெரிக்கக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே பேச வேண்டி வந்தால், இந்திய நேரம் சாயங்காலம் ஏழரைக்கு மேல் அடியுங்கள். மயாமியில் கோடையில் காலை பத்து மணி, குளிர்காலத்தில் ஒன்பது. ரிசர்வேஷன் எண், கப்பல் பெயர், தேதி, பாஸ்போர்ட் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது தமிழ்செல்வியின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும் Z எழுத்தை "ஸெட்" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது, "ஸீ, ஸீப்ரா" என்று சொல்ல வேண்டும். பி, டி, வி மூன்றும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். பி ஃபார் பாம்பே வேண்டாம், பி ஃபார் பிராவோ, டி ஃபார் டெல்டா, வி ஃபார் விக்டர் என்று சொல்லுங்கள்.

கட்டணம், ரத்து பற்றி "சொல்ல இயலாது" என்பார்கள், அதற்காகக் கோபப்பட வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டுதான். இந்த புக்கிங் உயிரோடு இருக்கிறதா? பேலன்ஸ் வந்து சேர்ந்துவிட்டதா? இந்த அளவுக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். வீல்சேர், சைவச் சாப்பாடு, மருந்து வைக்க ஃபிரிட்ஜ் போன்ற கோரிக்கையைச் சொன்னால், "புக்கிங் நோட்ஸில் எழுதி, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அடுத்த முறை யார் போனை எடுத்தாலும் அந்தக் குறிப்புதான் கண்ணில் படும். பேசியவரின் பெயர், நேரம், கேஸ் எண் மூன்றையும் எழுதிக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் அதையே ஏஜென்டுக்கும் மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

முடிச்சு இறுகிப்போனால் கான்ஃபரன்ஸ் கால்தான் வழி. ஏஜென்ட் கம்பெனியைக் கூப்பிட்டு, தன் ஏஜென்சி எண்ணைச் சொல்லி புக்கிங்கைத் திறந்துவிட்டு, உங்களையும் லைனில் சேர்ப்பார். "அவங்க அப்படிச் சொன்னாங்க, இவங்க இப்படிச் சொன்னாங்க" என்ற பேச்சு அத்தோடு தீர்ந்துவிடும். பத்து நாள் மெயில் போக்குவரத்தில் முடியாதது இருபது நிமிடத்தில் முடியும். "ஒரு தடவை எல்லாரும் ஒண்ணா லைன்ல பேசிடலாங்கண்ணா" என்று கேட்டால் நல்ல ஏஜென்ட் மறுக்க மாட்டார்.

சைவம் பற்றி இன்னொன்று. நோட்ஸில் எழுதினால் மட்டும் போதாது. முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஹெட் வெயிட்டரிடம் முட்டை உண்டா இல்லையா, வெங்காயம் பூண்டு ஆகுமா என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த நாளிலிருந்து தனியாகச் செய்து கொண்டுவருவார்கள்.

புறப்படும் நாளும் கப்பலுக்குள்ளும்

அன்றைக்கு ஏஜென்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விமானம் தாமதமானால் முதல் போன் கம்பெனியின் அவசர எண்ணுக்கு, பிறகுதான் ஏஜென்டுக்கு. அந்த எண்ணும், துறைமுகத்தில் கம்பெனிக்காக வேலை பார்க்கும் துறைமுக ஏஜென்டின் எண்ணும் பயண ஆவணத்தில் இருக்கும், முன்கூட்டியே மொபைலில் ஏற்றி வையுங்கள். கப்பல் கிளம்ப ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே வாசலை மூடிவிடுவார்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு அன்றைக்கே பறந்து அன்றைக்கே கப்பல் ஏறும் திட்டம் வேண்டாம், முந்தின நாளே போய்விடுங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு உண்டு, மெரினா பே ஒன்று, ஹார்பர்ஃப்ரன்ட் இன்னொன்று. போர்டிங் பாஸில் எது என்று பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுங்கள். கொச்சியில் வில்லிங்டன் தீவில் 2021இல் திறந்த சாகரிகா முனையம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கார் என்றால் அங்கமாலிக்கும் இடப்பள்ளிக்கும் நடுவில் ஆகும் நெரிசலையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஏறிய பிறகு ஏஜென்டால் ஒன்றும் செய்ய முடியாது. அறையில் தண்ணீர் ஒழுகினாலும், பில்லில் குடிக்காத பானம் ஏறினாலும் கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டர்தான். இறங்கும் காலையில் அங்கே வரிசை நீளும், முந்தின சாயங்காலமே பில்லைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். குறை தீராவிட்டால் புகைப்படம் எடுத்து, கவுன்டரில் பதிவு செய்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பலில் சொல்லாமல் ஊர் திரும்பிய பிறகு எழுதும் புகாருக்கு மதிப்பு குறைவு. புயல் காரணமாக ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் போர்ட் டாக்ஸ் மட்டும் திரும்பும், மற்றதுக்கு ஈடு கிடையாது. டிக்கெட் ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

ஏஜென்ட் போனையே எடுக்காவிட்டால்

முதலில் கம்பெனியின் இந்தியப் பிரதிநிதிக்கு மெயில் அனுப்பி, ரிசர்வேஷன் எண்ணைக் கொடுத்து, பணம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால் பயணம் நிற்காது, புக்கிங்கை வேறு ஏஜென்டுக்கு மாற்றும் வழியைக் கேளுங்கள். பழைய ஏஜென்டின் எழுத்துச் சம்மதம் கேட்பார்கள். முழுப் பணமும் கட்டிய பிறகு மாற்றுவது கடினம் என்பதால் தாமதிக்க வேண்டாம். கம்பெனிக்குப் பணம் வந்திருக்காவிட்டால், கார்டில் கட்டியவர்கள் உடனே பேங்கில் சார்ஜ்பேக், அதாவது பணத்தைத் திருப்பி வாங்கித் தரும் கோரிக்கை, எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கும் நாள் கணக்கு உண்டு. புக்கிங் எண்ணே போலி என்று தெரிந்தால் 1930க்கு அடித்துச் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

அதற்குப் பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கேதான் எல்லையோரத்துக்காரர்கள் தயங்குகிறார்கள், கடை பொள்ளாச்சியில், வீடு பாலக்காடு மாவட்டத்தில், எங்கே போய் வழக்குப் போடுவது என்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். பாலக்காட்டு ஆணையத்திலேயே பொள்ளாச்சிக் கடையைக் கூண்டில் ஏற்ற முடியும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் போடலாம்.

மனுவில் முதல் எதிர்த்தரப்பாக ஊர் ஏஜென்டையும், இரண்டாவதாக மொத்த ஏஜென்டையும், மூன்றாவதாகக் கம்பெனியின் இந்தியப் பிரதிநிதியையும் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார். கூடவே கெஸ்ட் காப்பி, பணம் கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட், கேன்சலேஷன் இன்வாய்ஸ், தேதி தெரியும்படி எடுத்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை வரிசை எண் போட்டு இணையுங்கள். போனில் பேசியதற்கு நீங்கள் அனுப்பிய அந்த அரை மணி நேர மெயில்களையும் அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள்.